குன்றிமணியும் கெச்சையும்: குறவஞ்சி மேடையில் அணிகலன்கள்



குற்றாலத்துச் சாரல் விழா மேடையிலும் தென்காசி வட்டாரத்துப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளிலும் குறத்தி நடனம் பழகிப்போன காட்சி. திரை விலகுகிறது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் கூடையோடு வந்து நிற்கிறாள். வகிட்டில் சிவப்புக்கல் பதித்த நெற்றிச்சுட்டி, அதன் இருமருங்கும் சூரியப்பிறை, சந்திரப்பிறை, பின்னந்தலையில் ராக்கொடி, கழுத்தில் அட்டிகையும் மாங்காய்மாலையும், இடையில் ஒட்டியாணம். மலைவளம் கூறி ஆடிவிட்டு அவள் உள்ளே சென்றதும் மற்றொரு சிறுமி வசந்தவல்லியாக வந்து பந்தாடுகிறாள். அவளுக்கும் அதே நெற்றிச்சுட்டி, அதே மாங்காய்மாலை, அதே ஒட்டியாணம். கூடை ஒன்றுதான் வேறுபாடு. அவை கைதட்டுகிறது. குறை ஏதும் நிகழ்ந்ததாக எவருக்கும் தோன்றுவதில்லை.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்குத் தோன்றியிருக்கும். அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் யார் எதை அணிந்திருக்கிறார் என்பது ஒப்பனை செய்வோர் தம் விருப்பப்படி முடிவுசெய்துகொள்ளும் செய்தி அன்று. கதை நிகழ்வதே அதில்தான். அணிகலன் ஒருத்தியிடமிருந்து கழல்கிறது. மற்றொருத்தியிடம் வந்து சேர்கிறது. அதைக் கண்ட கணவன் அடையாளம் தெரியாமல் திகைக்கிறான். இந்த மூன்று நிலைகளையும் அழித்துவிட்டு இருவருக்கும் ஒரே பெட்டியிலிருந்து நகை எடுத்துப் பூட்டினால் ஆட்டம் எஞ்சும்; நாடகம் எஞ்சாது. பரதநாட்டிய மேடையின் அணிகலன் மரபைப் பற்றி இன்று பேச வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். குற்றாலத்தின் மண்ணில் நின்றுகொண்டு அதனைப் பேசுவதும் பொருத்தமே.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நூல் இது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் காலத்தில் அரங்கேறியதென்றும், கவிராயருக்கு மானியமாகக் கிடைத்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றதென்றும் கூறுவர். பாட்டுக்காக நிலத்திற்கே பெயர் மாறிய செய்தி கவிஞர்கள் கூடியிருக்கும் இவ்வவைக்கு இனிக்கும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இந்நூலின் சுவையை எடுத்தோதி எத்தனையோ பேரை அதற்கு அடிமையாக்கினார் என்பதையும் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

நூலின் தொடக்கத்திலேயே உடையும் அணியும் தடுமாறுகின்றன. திரிகூடநாதர் உலா வருகிறார். காண ஓடிவரும் பெண்களுள் ஒருத்தி ஒரு கையில் வளை அணிந்தவள், மறு கையை மறந்துவிட்டாள். இன்னொருத்தி மேலே அணிய வேண்டியதை இடையிலும் இடையில் உடுக்க வேண்டியதை மேலேயும் மாற்றிக்கொள்கிறாள். மற்றொருத்திக்கு ஒரு கண்ணில் மை இருக்கிறது. அடுத்த கண்ணுக்குரிய மை இன்னும் கையிலேயே இருக்கிறது. உலா இலக்கியங்களுக்குரிய பழைய மரபுதான் இது. ஆயினும் மேடைக்கு இதைவிட நல்ல குறிப்பு எந்த நாடக ஆசிரியரும் தந்துவிட முடியாது. பாதி அணிந்த ஒப்பனையே இங்கு முழுமையான அபிநயம். இக்காட்சியை ஆட வரும் குழுவினர் அறுவரும் இரு கை நிறைய வளையலும் இரு கண் நிறைய மையுமாய் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வந்து நின்றால், பாடல் ஒன்று சொல்லக் கண் வேறொன்று காண்கிறது.

அடுத்து வசந்தவல்லி வருகிறாள். அவள் செல்வத்தில் பிறந்தவள். பொன்னும் மணியும் அவளுக்கு இயல்பானவை. அவள் பந்தாடும் பாடலில் கவிராயர் கையாண்டிருக்கும் சந்தம் கைவளையின் ஒலியும் காற்சிலம்பின் ஒலியுமே. அங்கே அணிகலன் ஒரு தாளக்கருவி. பிறகு உலாவில் இறைவனைக் கண்டு மையல் கொள்கிறாள், நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைப் பழிக்கிறாள். (தென்காசி விசுவநாதர் கோயில் மண்டபத்துத் தூணில் கரும்புவில்லோடு நிற்கும் மன்மதனையும் எதிரே நிற்கும் இரதியையும் பார்த்தவர்க்கு அந்தப் பழிப்பின் சுவை கூடுதலாகவே விளங்கும்.) பிரிவில் வளை நெகிழ்வது அகப்பாடல் காலம் தொட்டு வரும் தமிழ் மரபு. ஆகவே வசந்தவல்லியின் அணிகள் அவள் மெலிவுக்குச் சான்றாக வேண்டியவை. அவள் தோழியைத் தூதனுப்பிக் கேட்பதோ பொன்னை அன்று, கொன்றை மாலையை. கழுத்து நிறைய மணி அணிந்தவள் காட்டுப் பூவுக்கு ஏங்குகிறாள்.

அந்த நேரத்தில்தான் சிங்கி வருகிறாள். அவள் ஒப்பனையைக் கவிராயர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறார்: நெற்றியில் கத்தூரித் திலகம், கூந்தலில் வெட்சிப்பூ, கண்ணில் மை, கையில் மாத்திரைக்கோல், இடுப்பில் கூடை, மார்பில் குன்றிமணி வடம். பட்டியல் இவ்வளவே. பொன் என்னும் சொல் இதில் இல்லை. சிவப்பும் கறுப்புமான குன்றிமணியையே அவள் பூண்டு வருகிறாள்.

குன்றிமணியைக் கவிராயர் எடுத்தாண்டது நிறத்துக்காக மட்டும் என்று கொள்வது பொருந்தாது. பொற்கொல்லர் தராசில் பொன்னை நிறுத்த பழைய எடைக்கல் அது. குன்றிமணி அளவு பொன் என்று இன்றும் பேச்சு வழக்கில் இருக்கிறது. பொன்னை அளக்கும் விதையை அணிந்தவள், பொன்னை அணிந்தவளின் கையைப் பிடித்துக் குறி பார்க்கிறாள். குறி முடிகிறது. வசந்தவல்லியின் கூந்தலுக்குக் கொன்றை மாலை கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குறி சொன்ன சிங்கி, பொன்மாலையும் மணிமாலையும் பூண்டு ஊர் ஊராகச் செல்கிறாள் என்று கவிராயர் காட்டும் இடத்தில் பண்டமாற்று நிறைவேறிவிடுகிறது. ஒருத்திக்குப் பூ, மற்றொருத்திக்குப் பொன். ஆளுக்கு எது இல்லையோ அது கிடைக்கிறது.

இனிச் சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் இடம். குறவஞ்சியில் மிகுதியும் ஆடப்படுவதும் பாடப்படுவதும் இப்பகுதியே. மனைவியைத் தேடி அலைந்த சிங்கன் அவளைக் காண்கிறான். அவள் உடம்பில் புதிது புதிதாக ஏதேதோ கிடக்கின்றன. அவன் மலையில் வாழ்பவன், பறவை பிடிப்பவன், அவனுக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டுதான் அவற்றைப் பெயரிட இயலும். காலில் விரியன் பாம்பு கிடப்பதாக அஞ்சுகிறான். அது சேலத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். நெளியும் நாங்கூழ்ப் புழுவைச் சுட்டுகிறான். அது பாண்டியன் மகள் தந்த பாடகம். கால் விரலில் ஒரு பூச்சி சுருண்டிருக்கிறதே என்கிறான். அது கண்டி நாட்டில் பெற்ற காலாழியும் பீலியும். வாழைக் குருத்தை விரித்து மடித்ததுபோல் தொடையில் தெரிவது நெல்வேலியார் தந்த மெல்லிய சேலை. இடையில் ஊரும் சாரைப்பாம்பு சோழன் மகள் ஈந்த பொன் அரைஞாண். மார்பின் கொப்புளங்கள் காயலார் தந்த முத்தாரம். கழுத்துப் பாம்புகளோ குட்டநாட்டாரும் காயங்குளத்தாரும் இட்ட சவடி.

இந்த உரையாடலை வெறும் நகைச்சுவை என்று கடந்து செல்வார் உண்டு. நகைச்சுவை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் விடைகளை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் சேலம், பாண்டி நாடு, சோழ நாடு, நெல்லை, காயல், காயங்குளம், கடல் கடந்த கண்டி என ஒரு பெண் நடந்து கடந்த நிலவரைபடம் கிடைக்கிறது. வசந்தவல்லியின் நகை பிறப்பால் வந்தது. சிங்கியின் நகை ஒவ்வொன்றும் அவள் சொல்லுக்குக் கிடைத்த கூலி. எது எந்த ஊரில் யார் தந்தது என்று அவளுக்குத் தெரியும். வசந்தவல்லியை எவரும் அவ்வாறு கேட்கவில்லை. கேட்டாலும் அவளால் விடை சொல்ல இயலுமா என்பது ஐயமே. கவிராயர் உள்ளம் எவள் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் குற்றாலத்துக்கே உரிய ஒரு நயம் உண்டு. ஐந்து சபைகளுள் சித்திரசபை இங்கே இருக்கிறது. சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், நெல்லையில் தாமிரசபை, திருவாலங்காட்டில் இரத்தினசபை. குற்றாலத்துக் கூத்தனோ வண்ணத்தில் எழுதப்பட்டவன். ஆடவல்லானின் அணிகளை நாட்டியக் கலைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் நிதானமாகப் பார்த்தல் வேண்டும். அவன் வலச்செவியில் ஆடவர்க்குரிய குழை. இடச்செவியில் பெண்டிர்க்குரிய தோடு. உமையொருபாகன் என்னும் தத்துவம் முழுவதையும் இரண்டு காதணிகள் சொல்லிவிடுகின்றன. அவன் பூண்ட அணிகலனோ பாம்பு. பாம்பை அணியாகப் பூண்ட இறைவனின் ஊரில் இருந்துகொண்டு, அணியைப் பாம்பாகக் காண்கிறான் ஒரு வேடன். வசந்தவல்லி மயங்கியது மெய்யான பாம்பணிந்த மார்பில். சிங்கன் மயங்கியது பாம்பாகத் தோன்றிய பொன்னில். ஒரே நூலின் இரு முனைகளில் இவ்விரு மயக்கங்களையும் கவிராயர் கட்டியிருக்கிறார். தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

அணிகலனைக் கொண்டு கதை சொல்லும் இந்த வன்மை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி கால்விரல் முதல் தலைமுடி வரை அணி பூணுவதை இளங்கோவடிகள் உறுப்பு உறுப்பாக விரிக்கிறார். இடைக்கு மட்டும் 32 வடம் முத்து. நாடகக் கணிகை ஒருத்தியின் முழு ஒப்பனைக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பட்டியல்களுள் அது ஒன்று. ஆனால் அத்தனையும் அவள் பூண்டது கோவலனின் ஊடல் தீர்க்க. அவற்றோடு கடற்கரைக்குச் சென்ற இடத்தில்தான் பிரிவு நேர்கிறது. அவ்வளவு நேரமும் கண்ணகியின் கால் சிலம்பின்றி இருக்கிறது. நிறைந்த காலும் வெறுங்காலும் எதிரெதிரே வைக்கப்பட்ட காப்பியம் அது.

வடமொழியிலும் பரதரின் நாட்டிய சாத்திரம் உடை, அணி, ஒப்பனை ஆகியவற்றை ஆகார்யம் என்று தனி அபிநயமாகவே வகுக்கிறது. அணிகளைத் துளையிட்டு அணிவன, கட்டுவன, மாட்டுவன, சூட்டுவன என நான்காகப் பிரிக்கிறது. ஆடுவோர்க்கு அணிகலன் மிகுதல் கூடாது, கனத்தால் களைப்பு உண்டாகும், அரக்கு முதலிய இலேசான பொருள்களால் செய்து கொள்க என்றும் அந்நூல் அறிவுரை தருகிறது. மேடை நகை மெய்ந்நகையாக இருக்க வேண்டியதில்லை என்பது அவ்வளவு பழைய கருத்து.

அப்படியாயின் இன்றைய சிவப்புக்கல் தலைசாமான் எவ்வாறு மேடை முழுவதையும் பிடித்துக்கொண்டது? கோயில்களில் ஆடிய பெண்கள் அணிந்தவை அவரவர் சொந்தப் பொன்னும் புரவலர் தந்தவையும் ஆகும். பழைய நிழற்படங்களில் அவர்கள் காற்சட்டையின் மேல் சேலையைக் கொசுவி உடுத்தி, குடும்பத்து நகைகளோடு நிற்பதைக் காணலாம். ஒருவர் நகைபோல் மற்றொருவர் நகை இராது. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா தோன்றியது. சிற்பங்களையும் பழைய நெசவுகளையும் நோக்கி, மதாம் காசான் என்னும் இத்தாலியப் பெண்மணியின் துணையோடு அவர் வகுத்த உடை தைத்து அணியும் உடை. முன்புற விசிறி மடிப்பு அரைமண்டியில் விரியும் அழகு அதன் பேறு. சேலையையே உடுத்தி ஆடிய பாலசரஸ்வதியின் மரபு அதற்கு இணையாகத் தனியே ஓடியது. 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. கலை குடும்பத்தை விட்டுப் பள்ளிக்குப் பெயர்ந்தபோது நகையும் பெயர்ந்தது. பாட்டியின் பெட்டியிலிருந்து வந்தது கடையிலிருந்து வரலாயிற்று.

அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த பட்டறை தென்காசிக்குத் தெற்கே, நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இருந்தது. வெள்ளியில் கூடு அமைத்து, அரக்கு இட்டு, கெம்புக்கல்லும் பச்சையும் வெள்ளையும் பதித்து, கல்லைச் சுற்றிப் பொன் தகட்டை அழுத்தி இழைக்கும் வேலை வடசேரிக் கைவினைஞருடையது. திருமேனிகளுக்குச் செய்த கைகளே நாட்டியப் பெண்களுக்கும் செய்தன. நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பரதர் சொன்ன இலேசும் அதில் உண்டு. தூரத்து அவையிலிருந்து பார்ப்பவர்க்குக் கண் நிறையும் பொலிவும் உண்டு. குற்றம் அந்தக் கைவினையில் இல்லை. அது இறைவிக்குச் செய்த அணி, வசந்தவல்லிக்குப் பொருந்தும், வர்ணம் ஆடும் நாயகிக்கும் பொருந்தும். அதுவே எல்லாப் பாத்திரத்துக்கும் சீருடையானதில்தான் குற்றம். இன்று வடசேரி வேலையைப் பார்த்து அச்சில் வார்த்த போலிகள் மலிந்துவிட்டன. கருமை படிந்த பழைய தோற்றம் ஏற்றியவை, நூலால் கோத்த இலேசானவை என்று ஆண்டுக்கொரு புதுமை வருகிறது. ‘டெம்பிள் ஜூவல்லரி’ என்னும் பெயர் திருமண மண்டபம் வரை சென்றுவிட்டது. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த குடும்பம் ஆசிரியருக்குத் தரும் குருதட்சிணையைக் காட்டிலும் நகைக்கும் உடைக்கும் அஞ்சும் நிலை பல இல்லங்களில் உண்டு.

மறுதிசையில் சென்றவரும் உளர். சந்திரலேகா 1985இல் படைத்த ‘அங்கிகா’ தொடங்கித் தம் ஆக்கங்களில் அணியைக் களைந்து உடம்பின் கோட்டையே முன்னிறுத்தினார். பத்மா சுப்ரமணியம் சிற்பங்களிலிருந்து தமக்கென ஓர் உடையமைப்பை வகுத்துக்கொண்டார். மலைக்கு அப்பால் மோகினியாட்டம் வெண்பட்டும் பொற்கரையும் சிலவே அணிகளுமாய் அமைதியாக நிற்கிறது. செங்கோட்டையும் நாகர்கோவிலும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை என்பதை நினைத்தால், அந்த எளிமை இந்த வட்டாரத்துக்கு அயலானது அன்று. ஆனால் இவை யாவும் குறவஞ்சிக்கு விடையாகா. நகையை முழுவதும் களைந்தால் சிங்கன் எதைக் கண்டு திகைப்பான்?

1944இல் கலாக்ஷேத்திரா தன் முதல் நாட்டிய நாடகமாகத் தேர்ந்தது குற்றாலக் குறவஞ்சியையே. அதற்கு வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி ஆடப்பட்டு வந்தது. விராலிமலையிலும் குறவஞ்சி கோயிற் பெண்டிர் மரபில் வாழ்ந்தது. அம்மரபில் வந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கோயில்களில் ஆடிய நாளில் தலைவியும் குறத்தியும் கோயிற் பெண்டிரே. ஆதலால் இந்த நாடகத்துக்கு மேடை மரபு இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. மரபு இருந்தும், இன்றைய பள்ளி மேடைக்கு வந்து சேரும் குறத்தி பெரும்பாலும் திரைப்படத்திலிருந்து வந்தவளாக இருக்கிறாள்.

அந்தத் திரைப்படக் குறத்தியின் ஒப்பனையில் மற்றொரு பிழையும் கலந்திருக்கிறது. குட்டைப் பாவாடை, கழுத்து நிறையப் பல வண்ணப் பாசிமணி, தோளில் தொங்கும் பை. இது அருவிக்கரையில் மணி கோத்து விற்கும் நரிக்குறவர் பெண்களின் தோற்றத்தைக் கேலியாக்கிய வடிவம். நரிக்குறவர் வாக்ரிபோலி என்னும் மொழி பேசும் வேறு மக்கள். குறிஞ்சி நிலத்துக் குறவரோ தமிழ் பேசும் மலைமக்கள். வள்ளியின் குலத்தார் என்று பாடப்பட்டவர். சிங்கி இவர்களைச் சேர்ந்தவள். இரண்டையும் ஒன்றாக்கியதால் பாட்டுக்கும் தீங்கு, அம்மக்களுக்கும் இழிவு. 2023இல் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் பள்ளி விழாவில், அவர்தம் அன்னையரின் கோலம் சிரிப்புக்காக மேடையேறுகிறது. ஆசிரியர்கள் இதனை அறியாமல்தான் செய்கின்றனர். அறிந்த பின்னும் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. நூலில் உள்ளதைச் செய்தால் போதும். சிங்கி முதன்முறை வரும்போது குன்றிமணி வடம் ஒன்று, வெட்சிக்குச் சிவந்த பூ, கத்தூரித் திலகம், கோல், கூடை. நெற்றிச்சுட்டி வேண்டா, ஒட்டியாணமும் வேண்டா. (குன்றிமணியின் உள்பருப்பு நஞ்சு உடையது; துளையிட்ட விதையைச் சிறு பிள்ளைகள் கழுத்தில் அணிவித்தல் தகாது. மேடைக்கு மரமணியில் சாயம் ஏற்றியதே போதுமானது.) வசந்தவல்லிக்கு வடசேரி வேலை முழுவதும் இருக்கட்டும், குறி கேட்கும் காட்சிக்கு வரும்போது அவள் கைவளைகளில் சில குறைந்திருக்கட்டும். நடுவே சிங்கன் நூவனோடு பறவை பிடிக்கும் பாடல்கள் நீளமாக இருக்கின்றன. அந்த நேரம் திரைக்குப் பின்னால் சிங்கிக்கு அணி பூட்டப் போதுமானது. கவிராயர் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தாரோ என்று எண்ணத்தக்க அளவுக்கு அது பொருந்துகிறது. பிறகு அவள் வரும்போது அவையும் சிங்கனோடு சேர்ந்து திகைக்கும். அந்த நகைகளும் ஒரே பெட்டியைச் சேர்ந்தனவாக இருத்தல் ஆகாது. சிலம்பு ஒரு வகை, தண்டை ஒரு வகை, முத்தாரம் ஒரு வகை என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். பல ஊர்களில் பெற்றவை அல்லவா?

உரையாடலில் ஒரு விடை இதுவரை சொல்லாமல் விடப்பட்டது. சிங்கியின் காலில் செத்த தவளையைக் கட்டியிருப்பது எதற்கு என்று சிங்கன் கேட்கிறான். அது கெச்சை, ஆடும் கால்களுக்குரிய சலங்கை. மற்ற அணிகளைத் தந்தோர் சேலத்தார், காயலார், அரசன் மகள் என்று தொலைவில் உள்ளவர்கள். இதைத் தந்தோர் உள்ளூரார்: குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள். இறைவன்முன் ஆடிய பெண்கள், தம் தொழிற்கருவியைக் குறி சொல்ல வந்த மலைப்பெண்ணின் காலில் கட்டியிருக்கின்றனர். அவர்கள் பெயர் நூலில் இல்லை. எந்தக் குறிக்காகத் தந்தார்கள் என்பதையும் கவிராயர் சொல்லவில்லை. இன்று சாரல் விழா மேடையில் ஆடும் சிறுமியின் ஒப்பனையில், தலைசாமான் முதல் ஒட்டியாணம் வரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டாலும் கழற்ற இயலாதது அந்தக் கெச்சை ஒன்றுதான். அது அவள் காலுக்கு வந்த வழியில் அந்தச் சந்நிதிப் பெண்கள் நிற்கிறார்கள். சிங்கன் அதை அடையாளம் கண்டுகொள்ள மூன்று கேள்விகள் தாண்ட வேண்டியிருந்தது. அதன் பின்னும் அவன் கண்ணுக்கு முதலில் தெரிந்தது தவளைதான்.